ரைட்டர் ஐயாவின் கொய்யாப்பழம்

சேலத்தில் எடுத்த கொலனோஸ்கோபி அறிக்கையில் மூன்றே செய்திகள் இருந்தன. பெருங்குடலின் வலப்பக்கம், ஏறுகுடலில், பல டைவர்டிகுலாக்கள். இப்போது ரத்தக் கசிவு இல்லை. கட்டி எதுவும் இல்லை. மகள் படித்துத் தமிழில் சொன்னாள். பின்னிரண்டும் வயிற்றில் பால் வார்க்கிற செய்திகள். ஆனால் வீட்டில் ஒருவர் காதிலும் அவை ஏறவில்லை. முதல் செய்தி மட்டும்தான் ஏறியது. "குடல்ல பை பையா இருக்காம்" என்று அது சம்பந்தி வீட்டுக்கும், பங்காளி வீடுகளுக்கும், எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

அறிக்கைக்கு உரியவர் ஏற்காட்டுக்காரர். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, மலை முழுக்க ரைட்டர் ஐயாதான். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து ஊன்றிய மலை இது. அன்றிலிருந்து சேர்வராயன் மலையின் பிழைப்பு சரிவிலேயே நடக்கிறது. சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தில் மிளகுக்கொடி, இடையே கால் வைக்கிற அளவுக்கு ஒரு தடம். அந்தத் தடத்தில் ஏறி இறங்கியவருக்கு அறுபதுக்கு மேல் முழங்கால் மிச்சமிருந்தால் ஆச்சரியம். ரைட்டருக்கும் மிச்சமில்லை. இந்தக் கதையில் குடலைவிட முழங்காலுக்குத்தான் பெரிய பங்கு என்பது பிற்பாடு தெரிந்தது.

2019 தை மாதம், காப்பிப் பழம் எடுக்கிற காலம். ஓய்வு பெற்ற பிறகும் எடை போடுகிற நேரத்துக்கு அவர் களத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கும் போய்விட்டு வந்து, வெந்நீரில் குளித்து, சாப்பிட்டுப் படுத்தார். நடுராத்திரியில் வயிறு கடமுடவென்றது. வலி இல்லை. எழுந்து போனவர் விளக்கைப் போட்டுப் பார்த்தால் முழுக்க ரத்தம். பச்சை ரத்தமாக இல்லாமல் கருஞ்சிவப்பாக, கட்டி கட்டியாக. யாரையும் எழுப்பாமல் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனார். மூன்றாம் முறை எழுந்தபோது கண் இருட்டி, கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி தரையைப் பார்த்து அலறினார். "என்னங்க, எவ்வளவு நேரமா இப்படிப் போவுது? எழுப்பக் கூடாதா?"

108 வந்தது. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் முப்பது கிலோமீட்டர். அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பகலில் சுற்றுலா வருகிறவர்கள் நின்று படமெடுக்கிற அந்த வளைவுகளில், ராத்திரிப் பனியில், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிற ஒரு மனிதரோடு இறங்குவது எப்படி இருக்கும் என்று அவர் மனைவிக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம். கட்டின புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவசரப் பிரிவில் குளுக்கோஸும் ரத்தமும் ஏற்றினார்கள். விடிவதற்குள் போக்கு தானாகவே நின்றுவிட்டது. இது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. பெருங்குடல் பைகளிலிருந்து வருகிற ரத்தப்போக்கில் நான்கில் மூன்று பங்கு இப்படித் தானாக அடங்கிவிடுவதுதான். நிற்காவிட்டால் கொலனோஸ்கோபி வழியாகவே ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு அடைப்பார்கள். அதிலும் முடியாவிட்டால் தொடை வழியாகச் சிறு குழாயைச் செலுத்தி அடைப்பார்கள். அறுவை சிகிச்சை கடைசி வழி.

உடம்பு தேறியதும் குடலைக் கழுவும் மருந்துப்பொடியை லிட்டர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, கொலனோஸ்கோபி செய்தார்கள். பரிசோதனையைவிட அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்ததுதான் பெரும்பாடு என்று அவர் இன்றைக்கும் சொல்வார். படம் வந்ததும் டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்து காட்டினார். பெருங்குடலின் சுவரில் தசை அடுக்கு இருக்கிறது. குடலின் உள் தோலுக்கு ரத்தம் கொண்டுபோகிற சிறு குழாய்கள் அந்தத் தசையைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போயாக வேண்டும். துளைக்கிற இடம் எப்போதும் கொஞ்சம் பலவீனம். வயது ஆக ஆகத் தசையும் அதைக் கட்டிவைத்திருக்கிற நாரும் தளர்கின்றன. உள்ளே அழுத்தம் ஏறும்போது, டயர் வெடிப்பில் டியூப் பிதுங்குவது மாதிரி, உள் தோல் அந்த ஓட்டை வழியாக வெளியே பிதுங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்குகிற பை. ஒன்று வந்த குடலில் பத்து வரும், ஐம்பதும் வரும்.

வலியே இல்லாமல் ஏன் அவ்வளவு ரத்தம் போனது என்பதற்கும் அந்தப் படத்திலேயே பதில் இருந்தது. பை பிதுங்கும்போது அந்த ரத்தக்குழாயும் அதன் முதுகில் இழுபட்டுப் படர்கிறது. நடுவில் இருப்பது மெல்லிய தோல் மட்டும். அது நைந்தால் குழாய் குடலுக்குள்ளேயே உடைகிறது. அங்கே புண்ணோ சீழோ இல்லை, அதனால் வலியும் இல்லை. வலப்பக்கம் உடைந்த ரத்தம் குடல் முழுக்கப் பயணம் செய்து வருவதால் நிறம் கருத்து வருகிறது.

"இது எனக்கு மட்டும் வந்த நோயா?" என்று கேட்டார் ரைட்டர். இல்லை. மேற்கு நாடுகளில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பைகள் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் இடப்பக்கம், சிக்மாய்டு என்கிற கடைசி வளைவில். ஜப்பான், கொரியா போன்ற ஆசிய நாடுகளில் வலப்பக்கமே அதிகம். பை இருக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அது இருப்பது தெரியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்க் கண்ணில் படுவதுதான் வழக்கம். பை இருப்பது டைவர்டிகுலோசிஸ். அது நரை, திரை மாதிரி வயதோடு வருகிற ஒரு மாற்றம். அந்தப் பை வீங்கிப் புண்ணானால்தான் டைவர்டிகுலைடிஸ் என்கிற நோய். அது பை உள்ள நூறு பேரில் நான்கைந்து பேருக்கு வந்தாலே அதிகம் என்கின்றன பின்னாளைய ஆய்வுகள்.

இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா கேட்ட ஒரு கேள்விதான் முக்கியமானது.

"மூட்டு வலிக்கு என்ன மாத்திரை போடறீங்க ஐயா?"

அவர் பிபி மாத்திரை பேரைச் சொல்லியிருந்தார், சர்க்கரை மாத்திரை பேரைச் சொல்லியிருந்தார். முழங்கால் மாத்திரையைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, அதை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. மருந்துக்கடையில் "கால் வலி மாத்திரை" என்று கேட்டால் கொடுப்பார்கள். மனைவியைக் கூப்பிட்டுச் சட்டைப் பையைப் பார்க்கச் சொன்னார். பாதி தீர்ந்த டைக்ளோஃபினாக் அட்டை வந்தது. பறிப்புக் காலத்தில் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மலையில் இது அவர் ஒருவர் பழக்கம் இல்லை. மூட்டை தூக்குகிறவர், மரமேறி மிளகு எடுக்கிறவர், கவாத்து வெட்டுகிறவர் எல்லார் பையிலும் அந்த அட்டை இருக்கும்.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும் என்பது பலருக்குத் தெரியும். அவை பெருங்குடல் பைகளில் ரத்தப்போக்கு வருகிற வாய்ப்பையும் கூட்டுகின்றன, ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருகிற வாய்ப்பையும் கூட்டுகின்றன என்பது அவ்வளவாகத் தெரியாது. டாக்டரம்மா அந்த அட்டையை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வலி தாங்காவிட்டால் பாரசிட்டமால் மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். பீடியையும் விடச் சொன்னார், புகை பிடிக்கிறவர்களுக்கு இந்தப் பைகள் கோளாறு செய்வது அதிகம் என்பதால். இருபது வளைவும் ஏறி வீட்டுக்குப் போய் அவர் முதலில் செய்தது பீடிக்கட்டை மேஸ்திரியிடம் கொடுத்ததுதான்.

ஆஸ்பிரின் மாத்திரை வேறு சங்கதி. ரைட்டரின் அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தம்பிக்கு நடந்ததைக் கேட்டுப் பயந்து அவர் தன் ஆஸ்பிரினைத் தானாகவே நிறுத்தப் போனார். நல்லவேளையாக முதலில் கேட்டார். ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர் ஆஸ்பிரினைச் சொந்த முடிவில் நிறுத்துவது குடலில் ரத்தம் போவதைவிட ஆபத்து. அதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு நடந்தது இன்னொரு கதை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தடை போட்டார்கள். பை என்றால் விதை போய் மாட்டிக்கொள்ளும், மாட்டினால் அழுகும், அழுகினால் குடலை வெட்ட வேண்டும். இது ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை. உலகம் முழுக்க மருத்துவர்களே பல பத்தாண்டுகள் இப்படித்தான் சொல்லிவந்தார்கள். அதனால் தக்காளி போயிற்று, கத்தரிக்காய் போயிற்று, எள்ளுத் துவையல், கடுகு தாளித்த ரசம், வெண்டைக்காய் எல்லாம் போயின. வீட்டுக் கொல்லையில் காய்த்துத் தொங்கிய கொய்யா முதலில் போயிற்று. கேழ்வரகுக் களி கரடுமுரடு என்று அதுவும் நின்றது. மிஞ்சியது குழைந்த சோறும் மோரும், ஜவ்வரிசிக் கஞ்சியும். சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? மரவள்ளியை அரைத்து, நாரையெல்லாம் பிழிந்து எறிந்துவிட்டு எடுக்கிற சுத்தமான மாவு அது. சட்டென்று செரிக்கும், குடலுக்குப் போய்ச் சேர ஒன்றும் மிஞ்சாது.

ரத்தப்போக்கு நின்ற முதல் சில நாட்களுக்கு அப்படிச் சாப்பிடுவதில் தவறில்லை. ரைட்டர் பங்குனி வரை அதையே சாப்பிட்டார். எடை குறைந்தது, முகம் வாடியது, மலம் கட்டிக்கொண்டது. கழிப்பறையில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மறுபடி ரத்தம் வருமோ என்ற பயம் வேறு. பயத்தால் சாப்பாட்டை இன்னும் குறைத்தார். பைகள் செய்யாத கெடுதலை அவற்றைப் பற்றிய பயம் செய்தது.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அவர் சாப்பாட்டுப் பட்டியலைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். விதை மாட்டிக்கொள்ளும் என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள். 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2008-இல் வெளியானது. கொட்டைகள், சோளம், பாப்கார்ன் சாப்பிட்டவர்களுக்கு டைவர்டிகுலைடிஸோ ரத்தப்போக்கோ கூடவில்லை. கொட்டையும் பாப்கார்னும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பை புண்ணாவது குறைவாகவே இருந்தது. "கொய்யா சாப்பிடுங்க ஐயா, விதையோட சாப்பிடுங்க" என்றார் அவர்.

நார்ச்சத்து பற்றிய கதை நேர்கோட்டில் போகாத ஒன்று, அதையும் சொல்லியாக வேண்டும். உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், தன் பெயரால் வழங்கும் புற்றுநோய்க்காக அறியப்பட்டவர். பிரிட்டனில் மலிந்து கிடந்த இந்தப் பை நோய் ஆப்பிரிக்கக் கிராமங்களில் கண்ணிலேயே படாதது அவருக்கு உறுத்தியது. மலத்தை எடை போட்டார், தின்றது வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். 1971-இல் நீல் பெய்ன்ட்டரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், இது நாரில்லாத மேலைநாட்டு உணவால் வந்த குறைபாட்டு நோய் என்று அறிவித்தார். நாற்பது ஆண்டுகள் அதுவே வேதவாக்காக இருந்தது. 2012-இல் வடகரோலினாவில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரிடம் கொலனோஸ்கோபி செய்து பார்த்தபோது, நார் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பைகள் குறைவாக இல்லை. மலச்சிக்கலுக்கும் பைக்கும் தொடர்பு தெரியவில்லை என்று அடுத்த ஆண்டே அதே குழு எழுதியது.

அப்படியானால் நார் வீணா? வீணில்லை. பை வருவதை அது தடுக்காமல் இருக்கலாம். வந்த பை வம்பு செய்வதைக் குறைக்கிறது. பிரிட்டனில் நாற்பத்தேழாயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், சைவ உணவுக்காரர்கள் இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வதோ இறப்பதோ 31 சதவீதம் குறைவு. நார் அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் அப்படியே.

ஏற்காட்டில் இதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளிப் பழங்குடியினர் சாமையையும் கேழ்வரகையும் தினையையும் விதைத்துச் சாப்பிட்டவர்கள். ரேஷன் அரிசி வந்த பிறகு சாமைச்சோறு விசேஷ நாள் சாப்பாடாகச் சுருங்கியது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராம் கேழ்வரகில் நார் சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கொய்யாவில் 8 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் போதும் என்கிறபோது, களியும் கீரையும் ஒரு கொய்யாவும் பாதி வேலையை முடித்துவிடும்.

ஆனால் ஒரே நாளில் பாய்ந்துவிடக் கூடாது. ரைட்டர் வீட்டில் சொன்னதைக் கேட்டு மெதுவாகப் போனார்கள். முதல் வாரம் ஒரு கரண்டிக் கீரை. அடுத்து காலையில் கேழ்வரகுக் கூழ். பிறகு சாமை, சுண்டல், கொய்யா. அவசரப்பட்டிருந்தால் வயிறு உப்பி, பழைய கஞ்சிக்கே திரும்பியிருப்பார். இன்னொரு சிக்கல் தண்ணீர். குளிரில் தாகம் எடுக்காது. ஏற்காட்டில் பனிக்காலத்தில் காப்பியைத் தவிர வேறெதுவும் குடிக்காமல் ஒரு பகலை ஓட்டிவிடுவார்கள். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். மனைவி காலையிலேயே வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றி எதிரே வைத்துவிடுவார். சாயங்காலம் அது காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. காப்பியை நிறுத்த வேண்டுமா என்று பயந்து பயந்து கேட்டார். காப்பியால் பை வருவதாக யாரும் நிரூபிக்கவில்லை என்று கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை மகள் இப்போதும் சொல்லிக் காட்டுகிறாள்.

2021 ஜூலையில் போப் பிரான்சிஸுக்கு ரோமில் அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தது. பைகளால் பெருங்குடல் சுருங்கிப்போய், ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். நீக்கியது 33 சென்டிமீட்டர் என்று அவரே பின்னால் சொன்னார். 2023-இல் பைகள் திரும்ப வந்திருப்பதாகவும் சொல்லிக்கொண்டார், வேலையை விடவில்லை. பத்திரிகையில் படித்துவிட்டு ரைட்டர் மகளுக்கு போன் போட்டார். "போப்புக்கே இருக்குதாம்மா." தன் நோயை அவர் வெட்கமில்லாமல் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதுவரை எல்லாரிடமும் "வயித்துக் கோளாறு" என்றுதான் சொல்லிவந்தார்.

அந்த வெட்கம்தான் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. தை மாதத்துக்கு முந்தைய ஆண்டே ஒருமுறை சிவந்து போயிருக்கிறது. மூலம் என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், கருணைக்கிழங்கு மசியல் சாப்பிட்டுப் பார்த்து விட்டுவிட்டார். அன்றைக்கு வந்தது மூலமா, பையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அது புற்றுநோயாக இருந்திருந்தால் ஓராண்டு போனது போனதுதான். ஆசனவாயில் ரத்தம் வந்தால் மூலம் என்று நாமே முடிவு கட்டுவது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் அதை ஒரு பரிசோதனை இல்லாமல் முடிவு கட்டக் கூடாது.

வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது வேறு அவசரம், பை புண்ணாகியிருக்கலாம். இடப்பக்கம் அடிவயிறு வலித்தால் சந்தேகம் எளிது. வலப்பக்கம் வலித்தால் குடல்வால் என்றே எல்லாருக்கும் தோன்றும். இரண்டையும் பிரித்துச் சொல்ல சி.டி. ஸ்கேன் வேண்டும். லேசான புண் பலருக்கு ஓய்விலும் நீராகாரத்திலும் ஆறிவிடுகிறது, சிலருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படுகிறது. அந்தச் சமயத்தில் கொலனோஸ்கோபி செய்யமாட்டார்கள், ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான்.

ரைட்டர் ஐயாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு ரத்தம் போகவில்லை. பைகள் அப்படியேதான் இருக்கின்றன, வந்த பை மறைவதில்லை. முழங்கால் வலியும் இருக்கிறது. பாரசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் தடியும் வைத்துச் சமாளிக்கிறார். பகோடா பாயின்ட் பக்கம் தெரிந்தவர் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் நிறுத்தி, "என்ன மாத்திரை போடறே?" என்று கேட்கிறார்.

மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மலத்தில் ரத்தம் கண்டால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். தலை சுற்றினால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது, சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்துகளோடு, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை அட்டையையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.